சுவர்மேல் யசிந்தாக்கா

எங்கள் கடற்கரை ஊரான அலங்காரத்துறையில், கடலில் மிதந்து கிடைத்த யசிந்தாக்காவைக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைத்துவிட்டு வந்த மூன்றாம் நாள் காலையில், அவள் அந்தச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்து, ஒரு காலை உள்பக்கமும் ஒரு காலை வெளிப்பக்கமும் தொங்கப்போட்டுக்கொண்டு, ஈரத்தலையை விரலால் கோதிக்கொண்டிருந்தாள். மீன் காயப்போட அந்தப் பக்கமாகப் போன பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள், பார்த்துவிட்டுக் கூடையை இறக்கிவைத்து நெற்றியில் சிலுவை போட்டார்கள், போட்டுவிட்டு மறுபடி கூடையைத் தூக்கிக்கொண்டார்கள், ஏனென்றால் வெயில் ஏற ஏற மீனை விரித்தாக வேண்டும், செத்தவள் திரும்பி வந்தாள் என்று அதைக் கூடையிலேயே அழுகவிட முடியாது.

“என்ன யசிந்தா, இன்னும் போகலையா?” என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள்.

“போனேன். திருப்பி அனுப்பிட்டாங்க,” என்றாள் யசிந்தாக்கா.

மத்தியானத்துக்குள் ஊரே வந்து பார்த்துவிட்டது. சாயங்காலம் ஊர்க் கமிட்டித் தலைவர் சந்தியாகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, கீழே நின்றபடி, யார் திருப்பி அனுப்பினார்கள், என்ன சொல்லி அனுப்பினார்கள் என்று விசாரித்தார். அவள் சொன்னது இது: மேலே ஒரு வாசல் இருக்கிறது, நம் கோயில் வாசல் அளவுகூட இல்லை, அங்கே ஒருவர் நிற்கிறார், பேதுருவா வேறு யாராவதா என்று கேட்கத் தோன்றவில்லை, அவர் பேரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், ஊரைச் சொன்னதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, உன்னைத்தான் உங்க ஊர்லயே விசாரிச்சு முடிச்சிட்டாங்களே, முடிஞ்சதை மறுபடி எடுக்கிற வழக்கம் இங்க கிடையாது, தீர்ப்பு சொன்னவங்களே வந்து எங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னாத்தான் நாங்க பார்ப்போம், அதுவரைக்கும் போய் இரு என்று சொல்லிவிட்டார்.

“எங்க இருக்கன்னு கேட்டேன். வந்த இடத்துலன்னாரு. நீங்க என்னை உள்ள வைக்கல. வெளிய படுக்க எனக்கு மனசில்ல. அதான் இங்க,” என்று சுவரைத் தட்டிக் காட்டினாள்.

சந்தியாகு வானத்தை அண்ணாந்து பார்த்தார். “மழை வந்தா என்ன செய்வ?” என்றார்.

“நனைவேன்,” என்றாள்.

யசிந்தாக்கா ஏலக்கூடத்து வாசலில் இட்லிக்கடை போட்டிருந்தவள். புருஷன் உயிரோடிருக்க அவனை விட்டு வந்தவள். பூசைக்கு வருவாள், நற்கருணை வாங்க மட்டும் எழுந்து போகமாட்டாள். ஐஸ் லாரி ஓட்டுகிற ஒருவன் அவள் வீட்டில் சாப்பிட்டுக் கைகழுவியதைப் பார்த்தவர்கள் உண்டு. அவள் சிரித்தால் அடுத்த தெருவில் குழந்தை விழித்துக்கொள்ளும். எங்கள் ஊருக்கு இவ்வளவு போதும். ஒரு விடிகாலையில், அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கல்போட்டிருக்கும் தூண்டில் வளைவுக்குப் பக்கத்தில் அவள் மிதந்தபோது, அந்தக் கல்மேல் அவள் செருப்பு இரண்டும் ஜோடி சேர்த்து, கோயில் வாசலில் கழற்றிவிட்டதுபோல் கிடந்தன. அதை முதலில் பார்த்தது என் மாமியார் வியாகுலம். வழுக்கி விழுந்தவ செருப்பைச் சேர்த்தா வைப்பா என்று மாமி கேட்ட கேள்வி தெருத்தெருவாகப் போய்ச் சுற்றித் திரும்பி வரும்போது கேள்வியாக இல்லை. குதித்தாள் என்று ஆகியிருந்தது. தன்னை மாய்த்துக்கொண்டவர்களுக்கும், ஞானஸ்நானம் வாங்காமல் செத்த குழந்தைகளுக்கும் எங்கள் ஊரில் சுவருக்கு வெளியேதான் இடம். மணி அடிக்கமாட்டார்கள், சிலுவை நடமாட்டார்கள். இப்போதெல்லாம் திருச்சபை அப்படிச் சொல்வதில்லை என்று பங்குச் சாமி எடுத்துச் சொன்னார். சாமிமார் மாற்றலாகிப் போவார்கள், கல்லறை எங்கேயும் போகாது என்று கமிட்டி சொன்னது. சாமி வயதில் சின்னவர், பேசாமல் இருந்துவிட்டார்.

பயம் எவ்வளவு நாள் தாங்கும்? மீன் காயப்போடுகிறவர்கள் அவளைக் காக்கை விரட்டச் சொன்னார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் பந்து விளையாடப் போனார்கள். உயரத்தில் இருப்பதால் கடலுக்குப் போன வள்ளங்கள் திரும்புவது அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. ஏ புள்ள, உன் மாப்பிள்ள வரான், உலையை வையி என்று அவள் குரல் கொடுத்தால் அந்த வீட்டில் அடுப்பு பற்றியது. போனில் படம் எடுத்தவர்களுக்குச் சுவர் மட்டுமே விழுந்தது, அதனால் படம் எடுப்பது நின்றது. பக்கத்து ஊர்க்காரர்கள் சில ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார்கள், சுண்டல்காரனுக்கு நல்ல வியாபாரம், பிறகு அவர்களுக்கும் அலுத்துப்போனது. ஆயர் இல்லத்திலிருந்து ஒரு பெரிய சாமியார் வந்து பார்த்து, டீ குடித்து, வேறென்ன விசேஷம் என்று கேட்டுவிட்டுப் போனார். உயிரோடிருக்கையில் அவள் கடைப்பக்கம் திரும்பாதவர்களெல்லாம் சுவரடியில் நின்று அவளோடு ஊர்க்கதை பேசினார்கள், சண்டைபோட்டார்கள், சமாதானமானார்கள்; அவள் அங்கிருந்து இறங்கிப் போகவேண்டியவள் என்பது மட்டும் ஒருவருக்கும் நினைப்பில் வரவில்லை.

அப்புறம் பெரிய சம்மாட்டி மிக்கேல் செத்தார். விசைப்படகுக்காரர், கோயிலுக்குக் கோபுரம் கட்டிக்கொடுத்தவர், அவர் சவம் போன தெருவெல்லாம் மோட்சத்துக்கு நேரே போனவர் என்று போர்டு வைத்திருந்தார்கள். அவரும் மூன்றாம் நாள் காலையில், பெட்டியில் வைத்த கோட்டோடும் ஷூவோடும் சுவர்மேல் இருந்தார், யசிந்தாக்காவிடமிருந்து நன்றாகத் தள்ளி, இரண்டு காலையும் உள்பக்கமாகப் போட்டுக்கொண்டு.

“என்னை எதுக்கு அனுப்புனாங்க?” என்று, வேறு யாரும் இல்லாததால், அவளிடமே கேட்டார்.

“உங்களையும் முடிச்சிட்டாங்கல்லா சம்மாட்டி. நேரா மோட்சம்னு போர்டே வச்சாச்சு. அதுவும் தீர்ப்புதான.”

சம்மாட்டியின் மகன்கள் சுவர்மேல் நாற்காலி போட்டுக் குடையும் கட்டினார்கள், ஆனாலும் அப்பா இப்படிப் பொதுவில் உட்கார்ந்திருப்பது அவர்களுக்குக் கேவலமாக இருந்தது, அதனால் ஊரைக் கூட்டி வந்து தெரியாது என்று சொல்லச் சொன்னார்கள். முதலில் சரியாக வரவில்லை. நல்ல மனுஷன்தான், ஆனா தெரியாது என்று சொன்னவர்கள் உண்டு. தெரியாது, ஆனா நல்ல மனுஷன் என்று சொன்னவர்களும் உண்டு. அதெல்லாம் மேலே எடுபடவில்லை. கடைசியில் ஆனாவை விட்டுவிட்டு வெறுமனே எங்களுக்குத் தெரியாது என்று எல்லாரும் சொன்னார்கள், அவர் படகில் வேலைபார்த்தவர்கள் மற்றவர்களைவிடச் சத்தமாகவே சொன்னார்கள். மறுநாள் நாற்காலி காலி.

அதோடு ஊருக்குப் புத்தி வந்தது, அவரவர் வீட்டுச் சவத்தைப் பொறுத்தவரை. துக்க வீட்டில் யாராவது வாயைத் திறந்தால் வீட்டுக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டு, நல்லதும் வேண்டாம் கெட்டதும் வேண்டாம் தாயி, காப்பியைக் குடிங்க என்றார்கள். கண்ணீர் அஞ்சலிப் போர்டுகளில் பேர் மட்டும் இருந்தது. ஒப்பாரி வைக்கிறவர்கள் செத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமுடியாமல், கடலைச் சொல்லி அழுதார்கள், காற்றைச் சொல்லி அழுதார்கள், மண்ணெண்ணெய் கிடைக்காததைச் சொல்லி அழுதார்கள். சொல்லாமல் அடக்கிவைத்த பேச்சில் சிலருக்கு வயிறு உப்பியது.

யசிந்தாக்காவுக்காக மட்டும் ஒருவரும் வந்து தெரியாது என்று சொல்லவில்லை. ஆள் கூட்டிவர அவளுக்கு மகன்கள் இல்லை என்பது ஒன்று. இன்னொன்றும் உண்டு: அவளைப் பற்றித் தெரியாது என்று சொன்னால் சுவருக்கு வெளியே கிடக்கிற எல்லாரைப் பற்றியும் சொல்லவேண்டிவரும், எல்லாரைப் பற்றியும் சொல்லிவிட்டால் பிறகு சுவர் எதற்கு? அதனால் சந்தியாகு அவளையே கேட்டார்.

“நீயே சொல்லிரு. குதிச்சியா, விழுந்தியா? விழுந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லு, நாளைக்கே எடுத்து உள்ள வைக்கோம்.”

“புதைக்கிறதுக்கு முந்தி கேட்டிருக்கணும் அண்ணாச்சி,” என்றாள் யசிந்தாக்கா.

நானும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. விழுந்திருந்தால் நல்லவள், குதித்திருந்தால் கெட்டவள் என்று பிரிக்கிற கத்தியை நான் ஏன் கையில் எடுக்கவேண்டும்? குதித்திருந்தாலும் அவள் எனக்கு யசிந்தாக்காதான். குதிக்கும் முன்பு செருப்பைச் சேர்த்துவைக்கிற அளவுக்கு ஒருத்திக்கு மனம் நிதானமாக இருந்தது என்றால், அந்த நிதானத்துக்கு அவளைக் கொண்டுபோய் நிறுத்தியவர்களைத்தான் நான் கேட்பேன்.

என் பெயர் அக்சீலியா. நான் கான்வெண்டில் படித்தவள். அங்கே சிஸ்டர் பெனிஞ்ஞா எங்களுக்கு இரண்டு விஷயம் அழுத்தமாகச் சொல்லிக்கொடுத்தார். ஞானஸ்நானம் வாங்காமல் செத்த குழந்தைகள் ஒரு மங்கலான இடத்துக்குப் போகும், அங்கே நெருப்பு இல்லை, கடவுளின் முகமும் இல்லை என்பது ஒன்று. ஆபத்து நேரத்தில் சாமியார் இல்லையென்றால் யாராகிலும் ஒருவர் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது மற்றது. அதற்கு ஒரு பிளாஸ்டிக் பொம்மை வைத்திருந்தார், நாங்கள் வரிசையாக வந்து அதன் தலையில் ஊற்றவேண்டும், தண்ணி ஓடணும் பிள்ளைகளா, தொட்டு வச்சா செல்லாது என்பார். அந்தப் பொம்மையைப்போல் இத்தனை தடவை இரட்சிக்கப்பட்டது உலகத்தில் வேறு எதுவும் இருக்காது.

என் முதல் மகள் பிறந்து, கண்ணை ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு, சாமியைக் கூப்பிடப் போன ஆள் திரும்புவதற்குள் போய்விட்டாள். நான் மயக்கத்தில் கிடந்தேன். என் கணவர் டெல்வின் கப்பலில் இருந்தார். வெளியே புதைக்கிற குழந்தையைத் தொட்டுத் தூக்க ஆண்கள் தயங்கினார்கள், நீ போ நான் போ என்று வாசலில் நின்றார்கள். யசிந்தாக்கா இட்லிச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு வந்து, மீன் வைக்காத புது ஐஸ்பெட்டி ஒன்றைக் கழுவித் துடைத்து, தன் முக்காட்டுத் துணியை உள்ளே விரித்து, குடுங்க மாமி, நான் கொண்டுபோறேன் என்று வாங்கிக்கொண்டு போனாள். அதனால் அடுத்தவள் வயிற்றில் இருக்கும்போதே நான் அவள் கடைக்குப் போய், பிள்ளையோட ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாயாக நீங்கதான் நிற்கணும் என்று கேட்டேன்.

“என்னையா? ஊரு சிரிக்கும்ட்டி.”

“சிரிக்கட்டும்.”

அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. சட்டினியை அள்ளி என் இலையில் வைத்துக்கொண்டே இருந்தாள், இட்லி தீர்ந்தும் வைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாமவள் மெரின், இதயத்தில் ஓட்டையோடு பிறந்தாள். அழுதால் உதடு நீலமாகும், பிறகு நகம், பிறகு முகம். அப்போது காலிரண்டையும் மடக்கி முழங்காலை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கவேண்டும் என்று டாக்டர் காட்டிக்கொடுத்திருந்தார். அதனால் பிள்ளையை விட்டு நான் நகர்ந்ததே இல்லை, குளிக்கும்போதும் கதவைத் திறந்துவைத்தே குளித்தேன். மதுரையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். மூத்ததும் போச்சு, இளையதுக்கும் இப்படி, தாய் என்ன பாவம் செய்தாளோ என்று தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். நான் இன்னும் சாகவில்லை, அதனால் அதற்கு நாக்கை அடக்கவேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. மாமி அப்படிப் பேசியதில்லை. பேசியவர்களை நிறுத்தியதும் இல்லை.

ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிறு ஞானஸ்நானம் என்று முடிவானது. அன்றைக்குப் பூசை முடிந்து கோயில் வராந்தாவில் கமிட்டி உட்கார்ந்திருந்தது.

“ஞானத்தாய் யாரு?” என்றார் சந்தியாகு.

“யசிந்தாக்கா.”

“அது செத்துப்போச்சே.”

“நேத்து சாயங்காலம்கூட நீங்க அதுட்ட பேசிட்டிருந்தீங்களே மாமா.”

“பேசுறது வேற. பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டில பிடிக்கிறது வேற. அதை மேலயே எடுக்கல. லிசி டீச்சர் பேரைச் சொல்லு, இப்பவே முடிச்சிருவோம்.”

“நான் யசிந்தாக்காட்ட வாக்கு குடுத்திருக்கேன்.”

சந்தியாகு கெட்டவர் அல்ல என்று எழுத வந்தேன். அதுவும் ஒரு தீர்ப்பு. அவர் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். குரலைத் தாழ்த்தி, கிட்டத்தட்ட அன்பாகவே சொன்னார்: “அப்ப ஞானஸ்நானம் இல்ல. ஆபரேஷன்ல ஏதும் ஒண்ணுன்னா எங்க வைக்கணும்னு உனக்கே தெரியும் பாப்பா.”

வீட்டு வாசல் வந்ததும் மாமி, “டீச்சர் பேரைச் சொன்னா வாய் வெந்தா போகும்? வீம்பு,” என்றார்.

“வீம்புதான் மாமி,” என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பிள்ளையின் மூச்சைப் பார்த்தேன். எனக்கு வீம்பு இருந்த அளவுக்குப் பயமும் இருந்தது. அந்த மங்கலான இடம், அங்கே ஏற்கெனவே ஒருத்தி, அவளுக்குத் துணையாக இன்னொருத்தி. டீச்சர் பேரைச் சொல்லிவிட்டால் என்ன என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன், ஒரு தடவை அல்ல.

மறுநாள் வெயிலில் மெரினைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரடிக்குப் போனேன். யசிந்தாக்கா காக்கை விரட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் கேட்கத் தைரியம் இல்லாததைக் கேட்டேன்.

“அக்கா, அங்க மேல, பிள்ளைங்க எங்க இருக்கு?”

“எந்தப் பிள்ளைங்க?”

“ஞானஸ்நானம் வாங்காதது.”

அவள் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தாள். “அந்த வாசல்ல பெரியவங்கல்லாம் நின்னு என் பேரு இது, நான் அதைச் செஞ்சேன் இதைச் செஞ்சேன்னு வாதாடிக்கிட்டு நிக்காங்க. கதவு தரையைத் தொடல, அடியில இவ்வளவு சந்து. பிள்ளைங்க அதுவழியா தவந்து உள்ள போய்க்கிட்டே இருக்கு. நிக்கிறவரு குனிஞ்சுகூடப் பார்க்கல. எது வாங்குனது எது வாங்காததுன்னு யாரு கண்டா?”

“என் பிள்ளையைப் பார்த்தீங்களா?”

அவள் பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்றிருந்தால் நான் நம்பியிருப்பேன்.

“தவந்து போறதைப் பின்னால இருந்து பார்த்தா எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரிதாம்ட்டி இருக்கு,” என்றாள்.

நான் அழுதேன், அழுகையின் நடுவிலேயே சிரிப்பு வந்தது, பிள்ளையும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. வீட்டுக்கு நடந்துவரும்போது எனக்குப் புரிந்தது, ஞானஸ்நானம் இனி என் மகளுக்காகப் பயந்து நான் கேட்கிற பிச்சை அல்ல. அவளைக் காட்டி என்னை மிரட்டமுடியாது. இனி நான் கேட்கப்போவது யசிந்தாக்காவுக்காக, அவர்கள் தரமாட்டார்கள், தரமாட்டார்கள் என்பதற்காகவே கேட்பேன்.

மதுரைக்குப் புறப்பட்ட அன்று காலை வண்டி கல்லறை ரோட்டில் திரும்பியபோது மெரின் அழத்தொடங்கினாள், அழுகை ஒரு இடத்தில் அறுந்து சத்தமில்லாமல் வாய் மட்டும் திறந்திருந்தது, முகம் நீலமானது. நான் காலை மடக்கி நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, வண்டியை நிறுத்துங்க என்றேன். ஓட்டுநர் ஆஸ்பத்திரிக்கு விரட்டுகிறேன் என்றார். சுவரடியில் நிறுத்துங்க என்று நான் கத்தினேன், அதற்கு முன் நான் யாரிடமும் கத்தியதில்லை, அவர் நிறுத்திவிட்டார். நான் பிள்ளையோடு இறங்கிச் சுவரடிக்கு ஓடினேன், மாமி தண்ணீர் பாட்டிலோடு பின்னால் ஓடிவந்தார்.

“அக்கா, தண்ணி ஊத்துங்க. ஞானஸ்நானம் குடுங்க.”

“என்னை ஏன்ட்டி இழுக்க? நீ படிச்சவ, நீயே ஊத்து.”

“நான் ஊத்தலாம். டிரைவர் ஊத்தலாம். மாமி ஊத்தலாம். யாராகிலும் ஒருத்தர்னுதான் சிஸ்டர் சொல்லிக்குடுத்தாங்க. உயிரோட இருக்கணும்னு சொல்லல. ஊத்துங்க.”

யசிந்தாக்கா சுவர்மேல் குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள். மாமி ஒரு கணம் பாட்டிலை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார், பிறகு மூடியைத் திருகித் திறந்து கொடுத்தார்.

“தண்ணி ஓடணும் அக்கா. தொட்டு வச்சா செல்லாது.”

“தெரியும், எனக்கும் கோயில் உண்டு,” என்றாள் அவள். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே மெரின், நான் உனக்கு ஞானஸ்நானம் தருகிறேன் என்று சொல்லி ஊற்றினாள், அவள் விரல்கள் ஐஸில் கிடந்த துணிபோல் என் நெற்றியிலும் பட்டன, தண்ணீர் பிள்ளையின் தலையில் ஓடி என் ரவிக்கைக்குள் இறங்கியது, பிள்ளை திடுக்கிட்டு மூச்சை இழுத்தது. கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பியது. காலை மடக்கிப் பிடித்ததாலா, குளிர்ந்த தண்ணீராலா, சொன்ன பெயர்களாலா என்று என்னைக் கேட்காதீர்கள்.

அதற்குள் ஏலக்கூடத்திலிருந்து ஆட்கள் தராசைப் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். சந்தியாகு வந்தார். சாமியும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடிவந்தார்.

“இது செல்லாது சாமி,” என்றார் சந்தியாகு. “மேல எடுக்காத ஆள் குடுத்தது. நீங்க முறையா குடுங்க.”

“ஒரு தடவை குடுத்ததை மறுபடி குடுக்க முடியாது,” என்றார் சாமி. “சந்தேகம்னா அதுக்கு ஒரு வழி இருக்கு. நீ ஏற்கெனவே ஞானஸ்நானம் பெறாதிருந்தால் நான் தருகிறேன்னு சொல்லி ஊத்தலாம்.”

“ஊத்துங்க சாமி,” என்றேன். “ஆனா பெறாதிருந்தால்னு சொன்னா, பெற்றாளா இல்லையான்னு உங்களுக்குத் தெரியாதுன்னு அர்த்தம். அதை ஊரு முன்னாடி முதல்ல வாயால சொல்லுங்க. அப்புறம் ஊத்துங்க.”

“இருந்தால் கிந்தால் எல்லாம் வேண்டாம்,” என்றார் சந்தியாகு. “செல்லாதுன்னு சொல்லுங்க சாமி, முடிஞ்சது.”

சாமி சுவரை அண்ணாந்து பார்த்தார். நாங்கள் எல்லாரும் பார்த்தோம். “செல்லாதுன்னு சொல்ல எனக்குத் தெரியணுமே அண்ணாச்சி,” என்றார் மெதுவாக. “எனக்குத் தெரியாது.”

வண்டி உறுமிக்கொண்டிருந்தது, எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அப்போது என் மாமி காலி பாட்டிலை மூடிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், மீன்விலை சொல்கிற குரலில் சொன்னார்: “நான் செருப்பைத்தான் பார்த்தேன். அவளைப் பார்க்கல. எனக்குத் தெரியாது.”

அதற்குப் பிறகு அது பரவியது, முன்பு செருப்பு பரவியதைவிடக் கொஞ்சம் மெதுவாக. தராசுக்காரர் சொன்னார். மீன் காயப்போடுகிற பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள், ஒருத்தி சொல்லமுடியாமல் மூக்கைச் சிந்தினாள், சிந்தி முடித்துச் சொன்னாள். எங்கள் ஓட்டுநர் வெளியூர்க்காரர், எதைப் பற்றி என்று தெரியாமலே எனக்கும் தெரியாது என்றார். எல்லாரும் சந்தியாகுவைப் பார்த்தார்கள். அவர் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டார், கடலைப் பார்த்தார், “நான் அங்க இல்ல. எனக்குத் தெரியாது,” என்றார்.

யசிந்தாக்கா உள்பக்கம் தொங்கிய காலை எடுத்து வெளிப்பக்கம் போட்டாள். அவளை உள்ளே எடுத்துவைக்க இனி வழியுண்டு என்று யாரோ ஆரம்பித்தார்கள், அவள் காதில் வாங்கவில்லை, சுவரைவிட்டுக் குதித்து இறங்கிச் சேலையைத் தட்டிக்கொண்டாள். “அக்சி, காலை மடக்கியே பிடி, விட்டுராத,” என்றாள். பிறகு சிலுவை இல்லாத மண்மேடுகளுக்கு நடுவே, ஒன்றையும் மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடந்து போனாள், கடைசிப் பனைக்கு அந்தப் பக்கம் காணவில்லை. மீன்கூடையில் காக்கை பாய்ந்தது, விரட்ட ஒருத்தி ஓடினாள்.

“அப்ப பிள்ளைக்கு?” என்றார் சந்தியாகு.

“ஆயிட்டுது,” என்றார் சாமி.

இப்போது மதுரையில், வார்டுக்கு வெளியே விளக்கடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். காலையில் மெரினை உள்ளே கொண்டுபோவார்கள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் பயப்படுகிறவள் அடங்கிப்போக வேண்டும் என்று எந்த வேதமும் சொல்லவில்லை. சாயங்காலம் பக்கத்துக் கட்டிலில் பேரனைப் பார்க்க வந்த ஒரு அம்மாள், கட்டில் ஓரத்தில் வசதியாக உட்கார்ந்து ஆரஞ்சை உரித்துக்கொண்டே என் கதையைக் கேட்டாள். மூத்தது போனதையும் இளையதின் இதயத்தையும் கேட்டுவிட்டு, ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு, “பெத்தவ ஏதோ பாவம் செஞ்சிருக்கணும்மா, இல்லாட்டி பச்சப்பிள்ளைக்கு ஏன் இப்படி வருது,” என்றாள். உடனே என் முகத்தைப் பார்த்து மனம் இளகி, “ஆனா உன்னைப் பார்த்தா நல்ல பிள்ளையாத்தான் தெரியுது,” என்றும் சொன்னாள்.

“ரெண்டுமே உங்களுக்குத் தெரியாதும்மா,” என்றேன். “கொஞ்சம் தள்ளி உக்காருங்க. பிள்ளைக்குக் காத்து வரட்டும்.”